கரிசல் பருத்தியும் மனிதனின் தேர்வும்

அர்ச்சுனா நதியை மறித்து நிற்கும் ஆனைக்குட்டம் அணையைச் சுற்றிய கரிசல் பூமி இன்று பட்டாசுக்காகவே பேசப்பட்டாலும், அதன் பழைய கீர்த்தியெல்லாம் பருத்தியைச் சேர்ந்தது.

காட்டுப் பருத்தி பல்லாண்டு நிற்கும் புதர்; அதன் விதைமேல் நூற்க உதவாத பழுப்பு ரோமமே உண்டு. விதைத்தோலின் ஒற்றை உயிரணு நீண்டுதான் ஓர் இழையாகிறது. அது சற்றே நீண்டிருந்த செடியின் விதையையே மறு வருஷமும் விதைக்க வேண்டுமென்று மனிதர் கொண்ட பிடிவாதம், எண்ணற்ற தலைமுறைகளில், புதரை ஒரே பருவத்தில் காய்க்கும் பயிராக்கிவிட்டது. பலுசிஸ்தானத்து மெஹர்கரில், செம்பு மணி ஒன்றினுள் ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முந்திய பருத்தி நூல் கிடைத்திருக்கிறது.

நம் கரிசல் சம்சாரிகள் பேணிய கருங்கண்ணி என்னும் நாட்டுப் பருத்தி குட்டை இழைக்காரிதான். ஆயினும் ஐப்பசி மழையில் விதைத்தால் ஆழ வேரோடி, பின்பு வானம் பொய்த்தாலும் தாக்குப்பிடிக்கும். மனிதன் பஞ்சைப் பார்த்துத் தேர்ந்தான். வறட்சி செடியைப் பார்த்துத் தேர்ந்தது. நன்றாக வெடித்த சுளைகளை ஒதுக்கி, வீட்டிலேயே கொட்டை பிரித்து, விதைப்பு நாளில் ரோமம் ஒன்றோடொன்று ஒட்டாதபடி சாணிக் கரைசலில் புரட்டி எடுத்த காலம் வரையில் அந்தத் தேர்வு சம்சாரி கையில் இருந்தது. இன்றைய விருதுநகரான அந்நாளைய விருதுபட்டியில் கொட்டை பிரிக்கும் ஜின்னிங் ஆலைகள் வந்தபின், கருங்கண்ணியும் உப்பம் என்னும் வேறு ரகமும் ஒரே குவியலாய் அரைபட்டு, கலப்பு விதையே வயலுக்குத் திரும்பியது. யந்திரம் செய்த சகாயத்தோடு வந்த அபகாரம் இது!

1901-இல் கோவில்பட்டியில் ஏற்பட்ட ஆராய்ச்சி நிலையம் தேர்வைச் சாஸ்திர முறையில் தொடர்ந்தது. நல்ல செடியைத் தனித்தெடுத்து, அயல் மகரந்தம் புகாதபடி, மறுநாள் மலரும் மொட்டின் நுனியை முந்திய மாலையிலேயே நூலால் கட்டிவைப்பது அவ்வேலையின் நுட்பங்களில் ஒன்று. அந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்த கம்போடியாப் பருத்தியோ வேறு வம்சம். கருங்கண்ணிக்கு 26 குரோமோசோம்கள், அதற்கு 52. ஆகவே இரண்டும் எளிதில் இணங்குவதில்லை. நீண்ட இழையை விரும்பிய ஆலைகள் கம்போடியாவை ஆதரிக்க, கிணற்றுப் பாசனம் உள்ள நிலங்களில் அது பரவியது.

2002-இல் அனுமதி பெற்ற, மரபணு மாற்றிய பி.டி. பருத்தி, கலப்பின விதையாகவே பெரும்பாலும் விற்கப்படுகிறது. கலப்பினத்தின் சந்ததி தாயின் குணத்தை முழுதும் காப்பதில்லையாதலால், விதையை ஆண்டுதோறும் கடையில்தான் வாங்க வேண்டும். சம்சாரியின் தேர்வுக்கு அங்கே இடமில்லை. ஆலைக்கு வேண்டிய இழை நீளம் ஒன்றையே அளவுகோலாக்கி, மழையை மட்டுமே நம்பியிருக்கும் மானாவாரிக் கரிசலுக்கு ரகம் நிர்ணயிப்பது நியாயமாகாது என்பதே என் அபிப்பிராயம்.