இணையச் செய்தியும் நமது கடப்பாடும்

செய்தி அறியும் வேட்கை மக்கட்கு இயல்பாயமைந்தது. முற்காலத்தில் முரசறைவோன் வாயிலாகவும், பின்னர் அச்சிட்ட தாள் வாயிலாகவும் அவ்வேட்கை தணிந்து வந்தது. இக்காலத்திலோ உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவி உலகச் செய்திகளை நொடிப்பொழுதிற் கொணர்ந்து தருகின்றது. இதனால் விளையும் நன்மை பலவாம். ஆயினும், அந்நன்மையை நுகரப் புகுவார்க்கு நாடோறும் நேரும் இடையூறுகளும் சிலவல்ல. அவை யாவை, எக்காரணத்தால் எழுந்தன, அவற்றிடையே நமது கடப்பாடு யாது என்பனவற்றை ஈண்டுச் சுருங்க ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் ஒன்றனை நினைவிற் கொள்ளல் வேண்டும். நாம் இணையத்திற் படிக்கும் செய்திகளுட் பெரும்பாலனவற்றிற்கு நாம் விலை கொடுப்பதில்லை. நாம் கொடாத விலையைப் பிறர் எவரேனும் கொடுத்தல் வேண்டுமன்றோ? அங்ஙனம் கொடுப்போர் விளம்பரக்காரரே. அமெரிக்க நாட்டு 'ஹாட்வயர்டு' என்னும் இணையப் பத்திரிகை 1994-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்திற் பட்டை வடிவான விளம்பரங்களை வெளியிடலாயிற்று. அம்முறை பரவப் பரவ, எத்துணைப் பேர் எத்துணை நேரம் ஒரு பக்கத்திற் கண் பதித்தனர் என்பதே வருவாய்க்கு அளவுகோலாயிற்று. ஆகவே, நாம் கொடுக்கும் விலை காசன்று, கவனமே. இனிக் கூறப்படும் இடையூறுகள் யாவும் இவ்வொரு வேரினின்று கிளைத்தனவே.

தலைப்பு என்பது செய்தியின் சாரத்தைத் தெரிவித்தற்கு உரியது. இப்பொழுதோ செய்தியை மறைத்தற்கே தலைப்பிடுகின்றனர். 'பள்ளிகளுக்கு நாளை விடுமுறையா? ஆட்சியரின் முக்கிய அறிவிப்பு' என்று மழைக்காலத்தில் ஒரு தலைப்பு வரும். உட்புகுந்து ஆறு பத்திகளைக் கடந்த பின்னரே, விடுமுறை இல்லை என்னும் விடை கிட்டும். அறிந்ததற்கும் அறிய விழைவதற்கும் இடையே ஒரு வெளி தோன்றின், அதனை நிரப்புங்காறும் உள்ளம் அமைதியுறாது என ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்னும் அமெரிக்க அறிஞர் 1994-இல் விளக்கினார். அவ்வியல்பே இன்று தூண்டில் முள்ளாயிற்று.

உட்புகுந்தார்க்கும் வழி எளிதன்று. 'குக்கிகளை ஏற்கிறீரா?' என்று ஒரு திரை குறுக்கே நிற்கும். குக்கி என்பது, ஓர் இணையத்தளம் நம் கருவியில் இட்டுவைக்கும் சிறு குறிப்பு. முன்வந்தாரை மீண்டும் இனங்காண்டற்பொருட்டு, 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்துப் பொறியாளர் லூ மான்டுலி அதனை வகுத்தார். விளம்பரக்காரரோ அதனைக் கொண்டு நம்மைத் தளந்தோறும் பின்தொடர்ந்தனர். அதனால், நமது இசைவு பெறல் வேண்டும் என ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் தன் விதியைத் திருத்திற்று. நோக்கம் நன்றே. ஆனால் 'ஏற்கிறேன்' என்பது பெரிதாகவும், மறுக்கும் வழி நுண்ணெழுத்திலும் பலவிடங்களிற் காணப்படுகின்றன.

இனி, செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. அதனைப் படித்து முடித்தோர் மடித்துவைத்து எழுவர். 2006-இல் ஏசா ராஸ்கின் என்பவர் அமைத்த முடிவின்றி உருளும் பக்கமோ எழுவதற்கு இடந்தருவதில்லை. அவரே பிற்காலத்தில் அதன்பொருட்டு வருந்தினார் என்பது நோக்கத்தக்கது.

நிற்க. இதுகாறும் கூறியவை நம் பொழுதையும் பொறுமையையும் கெடுப்பன. இனிக் கூறுவதோ உயிரையே கெடுப்பது. 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில், பிள்ளை பிடிப்போர் ஊர்தோறும் நுழைந்துள்ளனர் என்னும் பொய்ச்செய்தி வாட்ஸ்அப் வழியாகத் தமிழ்நாட்டின் வடமாவட்டங்களிற் பரவிற்று. அந்நாளில், குலதெய்வக் கோயிலை நாடித் திருவண்ணாமலை மாவட்டத்திற்கு உறவினருடன் சென்ற சென்னை மூதாட்டியார் ஒருவர், வழியிற் கண்ட சிறுவர்க்கு இனிப்பு வழங்கினார். அவ்வன்பையே சான்றாகக் கொண்டு கூட்டம் அவரை அடித்துக் கொன்றது. அச்செய்தியைப் பிறர்க்கு அனுப்பினோர் தம் மக்கள்மேல் அன்புடைய பெற்றோராகவே இருந்திருத்தல் கூடும். உசாவாத அன்பு மற்றோர் அன்பைக் கொன்றது.

அவ்வாண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரேமுறையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்பவொண்ணாதபடி வாட்ஸ்அப் வரையறுத்தது. எனினும், பொறிக்கு இடும் வரையறை போதாது. 2006 முதல் 2017 வரை ட்விட்டரிற் பரவிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளை ஆராய்ந்த மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார், மெய்யினும் பொய்யே விரைந்து பரவுகின்றது என்றும், அதற்குக் காரணம் தானியங்கு பொறிகளல்ல, மனிதரே என்றும் 2018-இல் வெளியிட்டனர்.

ஆதலின் நாம் செய்யற்பாலன சில உள. முழுதும் படியாததனைப் பிறர்க்கு அனுப்பாதிருத்தல். எழுதியவர் யார், எந்நாளது என நோக்குதல். நம்பத்தகுந்த வேறொரு பத்திரிகையும் அதனைக் கூறுகின்றதா எனக் காணுதல். இல்லத்துப் பெரியோர் அனுப்பும் பொய்யைப் பணிவுடன் எடுத்துரைத்தல் என்பன அவை. புறங்கூறாமைக்கும் பயனில சொல்லாமைக்கும் வாய்மைக்கும் வள்ளுவர் தனித்தனியே அதிகாரம் வகுத்தார். திருமறையின் பத்துக் கட்டளைகளுள்ளும் பொய்ச்சான்றை விலக்குவது ஒன்று. சான்று கூறுதல் நாவின் செயலாயிருந்த நாளில் எழுந்தவை அவை. இந்நாளில் விரல் நுனிக்கும் அவை பொருந்தும். அனுப்புமுன் ஒரு கணம் தாழ்த்தலால் நமக்கு இழப்பொன்றுமில்லை. பிறிதோர் உயிருக்கு அதுவே காப்பாதல் கூடும்.