நடனத் தளம் வளர்த்த இசை

ஜாஸ், ஃபங்க், லத்தீன் அமெரிக்க நடனத் தாளங்கள் ஆகிய மூன்றையும் கலந்து மேடையில் வாசிக்கும் இசைக்குழுக்கள் இன்று நியூயார்க், ஹவானா, லண்டன் எனப் பல நகரங்களில் உள்ளன. இந்தக் கலப்பு எவ்வாறு பிறந்தது என்று எழுதுவோர் பெரும்பாலும் அதைச் சில மேதைகளின் வாழ்க்கைக் கதையாகவே எழுதுகின்றனர். மேதைகள் இருந்தனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும், பல ஆண்டுகள் பொருளாதாரம் கற்பித்த எனக்கு, அக்கதையில் நுழைவுச்சீட்டு வாங்கி ஆட வந்தவர்களுக்கும், வரி விதித்த அரசுக்கும், உரிமம் கொடுத்த நகராட்சிக்கும் உரிய இடம் கிடைக்கவில்லை என்றே தோன்றுகிறது.

1940-ஆம் ஆண்டு நியூயார்க்கில் மச்சிட்டோ என்ற கியூபப் பாடகர் 'ஆஃப்ரோ-கியூபன்ஸ்' என்ற பெயரில் ஒரு குழுவைத் தொடங்கினார். அதன் இசையை நெறிப்படுத்தியவர் அவருடைய மைத்துனர் மாரியோ பௌசா. ஹவானாவில் செவ்வியல் இசைக்குழுவில் கிளாரினெட் வாசித்த பௌசா, நியூயார்க் வந்து சிக் வெப், கேப் காலோவே ஆகிய கறுப்பின ஜாஸ் தலைவர்களின் குழுக்களில் பணியாற்றியவர். ஜாஸ் குழுவின் டிரம்பெட், சாக்ஸபோன் வரிசையை ஒரு பக்கமும் கியூபாவின் காங்கா, பாங்கோ மேளங்களை மறுபக்கமும் நிறுத்தி, இரண்டையும் ஒரே கணக்கில் பூட்ட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். 1943-இல் அவர் உருவாக்கிய 'டாங்கா' என்ற உருப்படி அதன் முதல் முழுமையான வடிவமாகக் கருதப்படுகிறது.

அந்தக் கணக்கைச் சற்று விளக்க வேண்டும். கியூப இசையின் முதுகெலும்பு 'கிளாவே' எனப்படும் தாள அமைப்பு. இரு சிறு மரக்கட்டைகளைத் தட்டி எழுப்பும் ஐந்து ஒலிகள்தாம் அது. பதினாறு நுண்மாத்திரைகளைக் கொண்ட ஒரு சுற்றில் அந்த ஐந்து தட்டுகளும் 3, 3, 4, 2, 4 என்ற இடைவெளியில் விழுகின்றன. முதற்பாதியில் மூன்று தட்டுகள், பிற்பாதியில் இரண்டு. கையால் தாளம் போட்டுப் பழகியவர்கள் ஒருமுறை தட்டிப் பார்த்தால், முற்பாதி இழுத்துக்கொண்டு ஓடுவதும் பிற்பாதி அதைப் பிடித்து நிறுத்துவதும் விளங்கும். குழுவில் உள்ள ஒவ்வொருவரும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டவர். மரக்கட்டையை யாரும் தட்டாதபோதும் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஜாஸ் கலைஞரோ மாத்திரையைச் சமமாகப் பிரிக்காமல் முதல் பகுதியை நீட்டி, அடுத்ததைக் குறுக்கி ஊஞ்சலாட விடுபவர். இவ்விரண்டும் உடனே பொருந்திவிடவில்லை.

1947-இல் ஜாஸ் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பி, கியூபாவிலிருந்து வந்த காங்காக் கலைஞர் சானோ போசோவைத் தம் குழுவில் சேர்த்துக்கொண்டபோது இந்தச் சிக்கல் மேடையிலேயே வெளிப்பட்டது. இருவரும் சேர்ந்து உருவாக்கிய 'மான்டேக்கா'வைக் கேட்டால் அது புரியும். கியூபத் தாளத்தில் தொடங்கும் இசை, நடுப்பகுதியில் கில்லெஸ்பி சேர்த்த ஜாஸ் நடைக்குத் தாவி, மீண்டும் திரும்புகிறது. தையல் கண்ணுக்குத் தெரியும் ஆடை அது. ஓராண்டு கழித்து ஹார்லெமில் போசோ சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தத் தையலை மறைக்கும் பணி பிறரிடம் சென்றது.

என் கணிப்பில் அந்தப் பணியைச் செய்த இடம் பிராட்வேயும் 53-ஆம் தெருவும் சந்திக்கும் முனையில் இருந்த பல்லேடியம் நடன அரங்கு. 1940-களின் இறுதியிலிருந்து மச்சிட்டோ, டிட்டோ புவென்டே, டிட்டோ ரொட்ரிகெஸ் ஆகியோரின் குழுக்கள் அங்கே போட்டி போட்டு வாசித்தன. புவெர்ட்டோ ரிக்கோவினர், கறுப்பினத்தவர், யூதர், இத்தாலியர் என எல்லோரும் ஒரே தளத்தில் மாம்போ ஆடினர். இனப் பிரிவினை நிலவிய அந்நாளைய அமெரிக்காவில் இது சாதாரணமன்று. ஜாஸின் தலைமையகம் போன்றிருந்த பேர்ட்லேண்ட் விடுதி அதே சாலையில் கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஓர் இடத்தில் கேட்டதை மற்றோர் இடத்தில் அன்றிரவே வாசித்துப் பார்க்கலாம். தாளம் பிசகினால் முதலில் தெரிவது ஆடுபவரின் காலுக்குத்தான். அவர் முகம் சுளித்து நாற்காலிக்குப் போய்விடுவார். இதைவிட விரைவான, கண்டிப்பான தேர்வாளரை எந்த இசைக் கல்லூரியாலும் நியமிக்க முடியாது.

பொருளாதாரக் காரணமும் உண்டு. பதினைந்து, பதினாறு பேர் கொண்ட குழுவுக்கு ஊதியம் கொடுக்கப் பெரிய தளம் வேண்டும். அதில் நூற்றுக்கணக்கானோர் சீட்டு வாங்கி ஆட வேண்டும். மேசையிட்டு மது பரிமாறும் சிறு விடுதியின் வருவாய் நான்கைந்து கலைஞர்களுக்கே போதும். பெரிய குழுவைத் தாங்கியது நடனத் தளத்தின் பரப்பளவுதான்.

அந்தப் பரப்பளவின் மீதுதான் அமெரிக்க அரசு கை வைத்தது. போர்க்கால வருவாய்க்காக 1944-இல் 'காபரே வரி' 30 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. நம் கேளிக்கை வரிக்கு அண்ணன் என்று சொல்லலாம். நுழைவுக் கட்டணத்துக்கு மட்டுமன்றி, உணவு, மது உட்பட மொத்த வரவுக்கும் அது பொருந்தியது. சில மாதங்களில் 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டாலும், போர் முடிந்த பின்பும் நீங்கவில்லை. 1960-இல் 10 விழுக்காடாகி, 1965-இல்தான் ஒழிந்தது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆடலும் பாடலும் இல்லாமல் வெறும் கருவியிசை மட்டும் வாசிக்கப்பட்டால் இந்த வரி கிடையாது. விடுதி உரிமையாளர்கள் என்ன செய்வார்கள்? ஆடும் தளத்தில் மேசைகளைப் போட்டனர். பாடகரை அனுப்பிவிட்டு, நான்கைந்து பேர் கொண்ட கருவியிசைக் குழுவை அமர்த்தினர். ஜாஸ், ஆட்டத்திலிருந்து விலகி அமர்ந்து கேட்கும் கலையாக மாறியதற்குக் கலைஞர்களின் நாட்டமும் காரணம்தான். ஆனால், அந்தப் பாதையில் வரிச் சலுகை என்ற விளக்கு எரிந்துகொண்டிருந்ததை மறக்கலாகாது.

நியூயார்க் நகராட்சியின் பங்கு இன்னும் விசித்திரமானது. 1926-இல் இயற்றப்பட்ட காபரே சட்டத்தின்படி, உரிமம் இல்லாத விடுதியில் மக்கள் ஆடக்கூடாது. பின்னாளில் உரிமமற்ற விடுதிகளுக்கு ஒரு விலக்கு அளிக்கப்பட்டது. மூன்று பேர் வரை வாசிக்கலாம், ஆனால் பியானோ, தந்திக் கருவிகள் போன்றவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்; ஊதுகருவியும் கூடாது, மேளமும் கூடாது. டிரம்பெட்டும் காங்காவும் இல்லாத லத்தீன் ஜாஸ் குழுவை யாராவது கற்பனை செய்ய முடியுமா? 1980-களின் பிற்பாதியில்தான் நீதிமன்றம் இந்தக் கட்டுப்பாடுகளைச் செல்லாதென்றது. ஆடுவதற்கான தடை 2017 வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது.

இத்தனைக்கும் நடுவே இசை வளர்ந்த விதத்துக்கு ஒரு நிகழ்வைச் சொல்ல வேண்டும். 1962-ஆம் ஆண்டின் பிற்பகுதி. பிராங்க்ஸ் பகுதியில் ஒரு விடுதி. கியூபக் காங்காக் கலைஞர் மோங்கோ சாந்தமரியாவின் குழுவில் பியானோ வாசிப்பவர் இல்லாததால், ஹெர்பி ஹான்காக் என்ற 22 வயது இளைஞர் மாற்றாக வந்திருந்தார். கூட்டம் மிகக் குறைவு. இடைவேளையில், கியூபத் தாளத்துக்கும் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் தாளத்துக்கும் பாலமாக ஏதேனும் உண்டா என்ற பேச்சு எழுந்தது. தாம் அண்மையில் அமைத்த 'வாட்டர்மெலன் மேன்' என்ற உருப்படியை வாசித்துக் காட்டினார் ஹான்காக். சாந்தமரியா காங்காவில் சேர்ந்துகொண்டார். குழுவினர் ஒவ்வொருவராக மேடையேறினர். அமர்ந்திருந்த சிலரும் எழுந்து ஆடத் தொடங்கினர் என்று ஹான்காக் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். சாந்தமரியா அதைப் பதிவு செய்து வெளியிட, 1963-இல் அமெரிக்கத் தரவரிசையில் முதல் பத்து இடங்களுக்குள் நுழைந்தது. அதே உருப்படியை ஹான்காக் முன்பே ஜாஸ் வடிவில் பதிவு செய்திருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. பெருவெற்றியைத் தந்தது, அன்றிரவு ஆட்டத்தில் பிறந்த வடிவம்.

ஃபங்க் இசை இக்கலவையில் சேர்ந்தது இன்னும் கடினமான இணைப்பு. 1960-களின் நடுவில் ஜேம்ஸ் பிரவுன் தம் குழுவினருக்கு இட்ட கட்டளை, சுற்றின் முதல் மாத்திரையில் எல்லோரும் ஓங்கி விழ வேண்டும் என்பது. கியூப இசையின் பேஸ் கலைஞரோ முதல் மாத்திரையைப் பெரும்பாலும் தொடுவதே இல்லை. அதற்கு முந்தைய நான்காம் மாத்திரையிலேயே அடுத்த சுரத்தை எடுத்து, முதல் மாத்திரையின் மீது மிதந்து செல்வார். ஒருவர் கால் ஊன்றும் இடத்தில் மற்றவர் கால் தூக்குகிறார். நல்ல குழு, இந்த முரணைத் தீர்த்துவிடாமல் இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட விடும். பேஸ் மிதக்க, டிரம்ஸ் ஊன்ற, நடுவில் காங்கா பேசும். உடல் எதைப் பின்பற்றுவது என்று திகைக்கும் அந்த நொடிதான் இந்த இசையின் சுவை.

1973-இல் ஹவானாவில் பியானோ கலைஞர் சூச்சோ வால்டெஸ் தொடங்கிய 'இராகேரே' குழு இதில் உச்சத்தைத் தொட்டது என்பது என் கருத்து. சடங்குகளில் ஒலிக்கும் பாட்டா மேளங்கள், மின்கிதார், ஜாஸ் ஊதுகருவிகள் அனைத்தும் அதில் ஒன்றாயின. ஆட்டத்துக்கும் வாசித்தனர், அமர்ந்து கேட்பவருக்கும் வாசித்தனர். அங்கே கலைஞர்கள் அரசின் ஊதியம் பெற்றவர்கள். எனவே சந்தையின் நெருக்கடி இல்லை. ஆனால், வேறு நெருக்கடி இருந்தது. அக்குழுவின் சாக்ஸபோன் கலைஞர் பாகிட்டோ டிரிவேரா 1980-இலும், டிரம்பெட் கலைஞர் ஆர்ட்டுரோ சான்டோவல் 1990-இலும் நாட்டைவிட்டு வெளியேறினர்.

சந்தை மட்டும் போதாது என்பதற்குப் பொருளாதாரத்தில் ஒரு விளக்கம் உண்டு. வில்லியம் பாமோல், வில்லியம் போவன் ஆகிய இருவரும் 1966-இல் வெளியிட்ட நிகழ்கலைப் பொருளாதார ஆய்வு, 'செலவு நோய்' என்ற கருத்தைத் தந்தது. ஆலையில் இயந்திரம் வந்தால் ஒரு தொழிலாளியின் உற்பத்தி பெருகும்; ஊதியமும் உயரும். பதினைந்து பேர் வாசிக்கும் மாம்போவுக்கு 1950-லும் பதினைந்து பேர் வேண்டும், இன்றும் அதே பதினைந்து பேர் வேண்டும். பிறதுறை ஊதியம் உயர உயர, கலைஞரின் ஊதியமும் உயர்ந்தாக வேண்டும், உற்பத்தித்திறனோ உயராது. எனவே, நேரடி இசையின் ஒப்பீட்டு விலை ஆண்டுதோறும் ஏறும். பாமோலும் போவனும் அதை வெளியிட்ட அதே 1966-இல் பல்லேடியம் மூடப்பட்டது தற்செயல். ஆயினும், அப்போது கொடிகட்டிப் பறந்தது ஜோ கியூபாவின் குழு என்பதைக் கவனிக்க வேண்டும். டிரம்பெட் வரிசையே இல்லாமல், ஆறு பேருடன் லத்தீன் தாளத்தையும் கறுப்பினத்தவரின் பாடல் நடையையும் சேர்த்து வாசித்த குழு அது.

பாடல் பதிவு வருமானம் இழப்பை ஈடுகட்டும் என்பார்கள். இணையவழிக் கேட்பில் கலைஞருக்குக் கிடைக்கும் பங்கைப் பதினைந்தால் வகுத்துப் பார்த்தால் அந்த வாதம் நிற்காது. விருதும் அங்கீகாரமும் கூட நிலையற்றவை. 2011-இல் கிராமி அமைப்பு தன் விருதுப் பிரிவுகளை 109-லிருந்து 78-ஆகக் குறைத்தபோது லத்தீன் ஜாஸ் பிரிவும் நீக்கப்பட்டது. பாபி சனாப்ரியா உள்ளிட்ட கலைஞர்கள் போராடி, வழக்கும் தொடுத்த பின்னர், 2012-இல் அப்பிரிவு மீண்டும் சேர்க்கப்பட்டது.

பொதுப்பணத்தில் கலையை ஆதரிக்க வேண்டுமா என்ற கேள்விக்கு என் விடை, ஆம் என்பதே. ஆனால், எதை ஆதரிப்பது என்பதில் கவனம் தேவை. மானியம் பெறும் நிறுவனங்கள் இந்த இசையை நாற்காலிகள் நிறைந்த அரங்குக்குள் அழைத்துச் செல்லவே விரும்புகின்றன. அங்கே அது மதிக்கப்படுகிறது, கைதட்டலும் கிடைக்கிறது. அதைத் திருத்தி வளர்த்த தேர்வாளர்களோ இருக்கையில் கட்டுண்டு கிடக்கிறார்கள். நியூயார்க்கின் லிங்கன் சென்டர் பல கோடைக்காலங்களில் திறந்தவெளியில் ஒரு நடனத் தளம் அமைத்து, முதலில் அடவுகளைக் கற்றுக்கொடுத்து, பிறகு முழுக் குழுவை வாசிக்கச் செய்தது. சீட்டு வாங்கியவர் தளத்தில் ஆடினர். வாங்காதவர் வேலிக்கு வெளியே அதே இசைக்கு ஆடினர். ஒரு குழுவுக்கான மானியத்தை எங்கே செலவிடுவது என்று என்னைக் கேட்டால், மேடைக்கு முன்னால் இருக்கும் முதல் இருபது வரிசை நாற்காலிகளை அகற்றுவதற்கு என்பேன்.