உங்களுக்குத் தெரியுமா? – 65 சென்ட் கரி

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பாக்சைட் வெட்டி, மேட்டூர் மால்கோ ஆலையில் அலுமினியம் ஆக்கினார்கள். மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் சூப்பர் கெப்பாசிட்டரைப் பிரித்தால் முதலில் கையில் வருவதும் அலுமினியத் தாள்தான். அதன்மேல் கறுப்பாகப் பூசியிருப்பது கரி. பெரும்பாலும் நம்ம கொட்டாங்குச்சிக் கரி! இலங்கையின் ஹேகார்ப் நிறுவனம் இதற்கென்றே தனி ரகம் தயாரிக்கிறது.

ஒரே அணு தடிமன் உள்ள கரி ஏடு கிராஃபீன். கணக்குப்படி, ஒரு கிராமை முழுக்க விரித்தால் 2,630 சதுர மீட்டர் பரப்பு. நம் கணக்கில் 65 சென்ட் நிலம். அத்தனை இடத்திலும் மின்னூட்டத்தைச் சுமக்கும் அயனிகள் உட்காரலாம்.

ஆனால் உட்கார விடாது. மாவு தூவாமல் அடுக்கிய சப்பாத்தி மாதிரி ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; அயனி நுழைய வழியிருக்காது. அதனால் நடுநடுவே கார்பன் நானோகுழாய்களைச் செருகுகிறார்கள். இடைவெளியும் கிடைக்கும், மின்சாரம் ஓடப் பாதையும் கிடைக்கும்.

ஏடு ஏடாக அமைந்த பொருள் கரி மட்டுமல்ல. லாரிப் பட்டறைகளில் புழங்கும் கறுப்பு ‘மோலி’ கிரீஸில் இருப்பது மாலிப்டினம் டைசல்ஃபைடு. ஏடுகள் வழுக்குவதால்தான் அது கிரீஸுக்கு உதவுகிறது. அதே பொருள் லித்தியம் பேட்டரியின் மின்முனையானால், கிராமுக்குச் சுமார் 670 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளும் என்கிறது கணக்கு. வழக்கமாகப் பயன்படும் கிராஃபைட்டுக்கு 372 மட்டுமே. குறை என்ன? மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது, சார்ஜ் ஏறி இறங்கும்போது உருக்குலையும். கரியோடு சேர்த்தால் இரண்டும் ஓரளவு கட்டுப்படும்.

அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் 2011-ல் ‘மேக்ஸீன்’ என்ற இன்னொரு ஏட்டுப் பொருள் பிறந்த விதம் வேடிக்கையானது. டைட்டானியம், அலுமினியம், கார்பன் மூன்றும் அடுக்கடுக்காக உள்ள பொருளை ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் போட்டார்கள். அலுமினியம் மட்டும் கரைந்து வெளியேற, மிச்சமிருந்தவை மெல்லிய ஏடுகள். 2014-ல் லித்தியம் ஃப்ளூரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்து அதையே செய்தபோது, கிடைத்தது களிமண் பதம். அப்படியே உருட்டித் தாளாக்க முடிந்தது. அதன் மின் சேமிப்புத் திறன் ஒரு கன சென்டிமீட்டருக்கு 900 ஃபாரட்! இதுவும் ஒட்டிக்கொள்ளும் ஜாதிதான். இதற்கும் நானோகுழாய்தான் வைத்தியம். தண்ணீரில் கலந்து காற்றுப்பட வைத்தால் மெல்ல டைட்டானியம் டையாக்சைடாகிக் கெட்டுவிடும் என்பதுதான் பெரிய தலைவலி.

ஏற்காட்டுக்காரர்கள் கவனிக்க: குடித்து முடித்த காப்பித் தூளையும் காப்பித் தோலையும் கரியாக்கி, சூப்பர் கெப்பாசிட்டர் மின்முனை செய்து பார்த்திருக்கிறார்கள் ஆய்வாளர்கள். வேலை செய்கிறது. சிக்கரி கலந்த தூளுக்கு நான் உத்தரவாதமில்லை.