கல் சொல்வது பாதி. மண் சொல்வது மீதி

கிணறு வெட்டும்போதோ, காணி துப்புரவாக்கும்போதோ, குளக்கட்டின் ஓரமாக நடந்து செல்லும்போதோ வழமைக்கு மாறான வடிவமுடைய கல்லொன்று கண்ணில் படுவதுண்டு. ஒருமுனை கூராகவும் மறுமுனை உள்ளங்கைக்கு அடக்கமாகவும் இருக்கும். ஆதிமனிதன் செய்த ஆயுதமோ என்ற எண்ணம் உடனே எழும். சிலர் அதனை வீட்டுக்கு எடுத்துச் சென்று கண்ணாடி அலுமாரியில் வைத்துவிடுகின்றனர். வேறு சிலர் படம்பிடித்துப் பலருக்கும் அனுப்பி, பல்லாயிரம் ஆண்டுப் பழைமையை அதற்குச் சூட்டிவிடுகின்றனர். எஞ்சியோர் எறிந்துவிட்டுப் போகின்றனர். இம்மூன்றில் எதுவுமே சரியான செயலன்று என்பது எமது கருத்தாகும்.

கல் உடைவதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. நுண்மணிகளாலான கடினமான கல்லின் விளிம்பில் மற்றொரு கல்லால் ஓங்கித் தட்டினால், அடிபட்ட இடத்திலிருந்து விசை பரவி ஒரு செதில் கழன்று விழும். அச்செதிலின் உட்புறத்தில், அடிபட்ட இடத்துக்குச் சற்றுக் கீழே சிறு புடைப்பும், நீரில் கல்லெறிந்தாற் போன்ற அலைவரிகளும் காணப்படும். தாய்க்கல்லில் அதற்கு ஈடான பள்ளம் எஞ்சும். எனினும், வெள்ளம் உருட்டிச் செல்லும் கற்கள் ஒன்றோடொன்று மோதும்போதும், உழவு இயந்திரத்தின் கலப்பை தாக்கும்போதும் இதே அடையாளங்கள் தோன்றக்கூடும். ஆகவே, ஆய்வாளர் தேடுவது தனியொரு பள்ளத்தையன்று, பள்ளங்களின் வரிசையையே ஆகும். ஒரே விளிம்பை நோக்கி, ஒத்த சாய்வில், அடுத்தடுத்துச் செதில்கள் எடுக்கப்பட்டு, அவ்விளிம்பு கூர்ங்கோணமாக அமைந்திருப்பின் அங்கு ஒரு நோக்கம் செயற்பட்டிருக்கின்றது எனக் கருத இடமுண்டு. மாறாக, உடைவுகள் தாறுமாறாகவும், ஒன்று தேய்ந்து மங்கியும் மற்றொன்று புதிதாகவும் இருப்பின், வெவ்வேறு காலங்களில் நேர்ந்த தற்செயலான மோதல்களே அவற்றுக்குக் காரணமாயிருக்கலாம்.

இவ்விடயத்தில் அறிஞர்களே தடுமாறியிருக்கின்றனர். இங்கிலாந்தின் புவியியலறிஞர் யோசப் பிரெஸ்ட்விச், 1859 ஆம் ஆண்டில் யோன் எவன்சுடன் பிரான்சின் சோம் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குச் சென்றார். அங்கு சரளை அடுக்கினுள் பதிந்தபடியே இருந்த கைக்கோடரியொன்றைக் கண்டு, அந்நிலையிலேயே அதனைப் படம்பிடிக்கச் செய்தார். மனிதனின் தொன்மையை அறிவியல் உலகம் ஏற்றுக்கொள்வதற்கு அச்சான்று பெரிதும் உதவியது. அதே பிரெஸ்ட்விச் பின்னாளில், கென்ற் பிரதேசத்துக் கடைக்காரரான பெஞ்சமின் ஹரிசன் திரட்டிய 'இயோலித்' எனும் கரடுமுரடான கற்களையும் மனிதனின் கைவண்ணம் என்றே நம்பினார். ஆனால் 1905 இல், பிரான்சின் மாந்த் நகர்ச் சீமெந்து ஆலையில் சுண்ணத்தோடு சேர்ந்து சுழன்ற தீக்கற்கள் அதே வடிவில் வெளிவருவதை மார்செலின் பூல் எடுத்துக்காட்டினார். மனிதன் தட்டாமலே இயந்திரத்தின் சுழற்சி அக்கற்களை ஆக்கியிருந்தது. ஒரே மனிதரின் கண் ஒருமுறை சரியாகவும் மறுமுறை பிழையாகவும் கண்டதெனில், கல்லின் தோற்றத்தை மாத்திரம் நம்பி முடிவுகூறுதல் எத்துணை ஆபத்தானது என்பது புலனாகும்.

அண்டை நாட்டின் அனுபவமும் இதனையே உணர்த்துகின்றது. 1863 மே 30 ஆம் திகதி, இந்தியப் புவியியல் அளவைத் திணைக்களத்தைச் சேர்ந்த றொபேட் புரூஸ் பூட், சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் ஒரு கற்கருவியை இனங்கண்டார். அவர் அந்த ஒன்றோடு நின்றுவிடவில்லை. அவ்வாண்டிலேயே வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டறிந்தார். அதே அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு தலைமையிலான குழுவினர் முறையாக அகழ்ந்து, அங்குள்ள கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழைமையானவை என 2011 இல் அறிவித்தனர். மண்ணடுக்கில் பதிவாகியிருந்த காந்தத் திசையும், கற்கள் புதையுண்டு கிடந்த காலத்தை அளக்கும் முறையும் அம்முடிவுக்கு ஆதாரமாயின. கற்கள் இடம்பெயராது கிடந்தமையினாலேயே இது சாத்தியமாயிற்று.

எமது நாட்டில் இப்பிரச்சினை மேலும் சிக்கலானது. இங்கு ஆதிமனிதர் பெரிதும் பயன்படுத்தியது குவார்ட்ஸ் எனப்படும் வெண்படிகக்கல்லையே ஆகும். அது உடையும்போது முன்னர் கூறிய புடைப்பும் அலைவரிகளும் தெளிவாகத் தோன்றுவது அரிது. தேர்ந்த ஆய்வாளரும் அதன் முன் தயங்குவர். அவ்வாறிருந்தும், பாஹியன்கல குகையில் கிடைத்த குவார்ட்ஸ் நுண்கருவிகள் ஏறத்தாழ 48,000 ஆண்டுகள் வரை பழைமையானவை என்பதை 2019 இல் வெளியான ஆய்வு நிறுவியது. குகையின் மண்ணடுக்குகளில் அவை குரங்கு, அணில் முதலியவற்றின் எலும்புகளோடு சேர்ந்து கிடந்தன. கல் தெளிவாகக் கூறாததை அயலில் இருந்தவை கூறின.

வன்னி மண்ணுக்கும் இதில் பங்குண்டு. வறண்ட வலயக் கரையோரங்களில் செம்மணலும் அதன் கீழே சரளையுமாகக் காணப்படும் படிவுக்கு 'இரணைமடுப் படிவு' என்றே பெயர். அதிலுள்ள கற்கருவிகளைக் கலாநிதி சிரான் தெரணியகல விரிவாக ஆராய்ந்துள்ளார். சரளை என்பதோ இயற்கையும் கற்களை உடைக்கின்ற இடம். ஆகையால், எந்த அடுக்கில், எவற்றோடு கிடந்தது என்ற விபரம் அங்கு இன்றியமையாதது. வீதிக்கும் கட்டடத்துக்குமாகச் சரளையும் மணலும் அள்ளப்படும்போது அழிவதும் அந்த விபரமே. சுண்ணக்கல்லாலான யாழ். குடாநாட்டில் குவார்ட்ஸ் கட்டியொன்று கிடந்தால், யாரோ கொண்டுவந்தது எனலாம். ஆனால் கொண்டுவந்தவர் ஆதிமனிதரா, நேற்று வந்த பாரவூர்தியா என்பதை மண்ணைப் பார்த்தே கூறமுடியும்.

எனவே, ஐயத்துக்குரிய கல்லைக் கண்டால் முதலில் செய்யவேண்டியது அதனை எடுக்காமல் விடுவதாகும். அருகே ஒரு நாணயத்தை வைத்துப் படம்பிடித்து, இடத்தையும் ஆழத்தையும் குறித்து, அயலில் அவ்வாறான வேறு கற்கள் உண்டா என்று பார்க்கலாம். கழுவவோ, சுரண்டவோ, மேலும் தோண்டவோ கூடாது. பின்னர் கிராம அலுவலர் ஊடாகத் தொல்பொருட் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டும். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டமும் கண்டெடுப்பவர் மீது இக்கடமையைச் சுமத்தியுள்ளது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் கற்பிப்போரின் ஆலோசனையையும் நாடலாம்.

இறுதியாக ஒன்று. யார் முந்தியவர் என்ற வாதத்துக்கு எதுவும் ஆயுதமாகிவிடும் நாடு இது. கற்காலக் கருவியைச் செய்தவர் எம்மொழி பேசினார் என்பதைக் கல் கூறாது. ஆயினும், எமது மண்ணின் தொன்மையை நிறுவவேண்டும் என்ற ஆர்வம், வெறுங்கல்லையும் ஆயுதமாகக் காணத் தூண்டும். அவ்வாறான ஒரு கூற்று பொய்யென நிரூபிக்கப்பட்டால், நாளை உண்மையான சான்றை நாம் முன்வைக்கும்போதும் எவரும் செவிசாய்க்கமாட்டார். பெருமைக்காக அவசரப்பட்டு இடம்பெயர்க்கப்படும் ஒவ்வொரு கல்லோடும் எமது வரலாற்றின் ஒரு வரி அழிகின்றது. அதனைத் திரும்ப எழுத எவராலும் இயலாது.