ஏறு, இறங்கு, நகரு: ஆங்கிலத்தில் திசை சொல்லும் சிறு சொற்கள்

சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகும் பேருந்தில் நடத்துநர் "எக்கண்டி" என்றால் ஏற வேண்டும்; "திகண்டி" என்றால் இறங்க வேண்டும். தமிழும் தெலுங்கும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். ஏறுவதற்கு ஒரு வினை, இறங்குவதற்கு வேறொரு வினை. அதனால்தான் எல்லையோர ஊர்க்காரர்கள் இந்த மொழியிலிருந்து அந்த மொழிக்குச் சிரமமில்லாமல் தாவிவிடுகிறார்கள். ஆங்கிலத்துக்கு வரும்போது நாக்கு தடுமாறுகிறது. அங்கே ஏறுவதற்கும் இறங்குவதற்கும் 'கெட்' என்ற ஒரே வினைதான். ஏறினால் 'கெட் ஆன்', இறங்கினால் 'கெட் ஆஃப்'. வினை மாறாமல் நிற்கிறது. பின்னால் வரும் சிறு சொல் பொருளை நேரெதிராக மாற்றிவிடுகிறது.

இப்படி ஒரு வினையும் ஒரு சிறு சொல்லும் கூடி ஒரு பொருளைத் தருவதற்கு 'ஃபிரேசல் வெர்ப்' என்று பெயர். பள்ளியில் இவற்றைப் பட்டியலாகக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். தேர்வு முடிந்ததும் பட்டியல் மறந்துபோகும். ஆனால் திருப்பதியில் டாக்ஸி ஓட்டுபவருக்கும், விடுதி வரவேற்பில் நிற்பவருக்கும், ரேணிகுண்டா விமான நிலையத்தில் வேலை பார்ப்பவருக்கும் இவை அன்றாடம் தேவைப்படும் சொற்கள். நகர்வைச் சொல்லும் வினைகளையாவது மனப்பாடம் இல்லாமல் கற்க முடியும். அதற்கான வழி நம்முடைய தமிழ் வாக்கியத்திலேயே இருக்கிறது.

கடைசி வினையைப் பாருங்கள்

"பையன் படியில் ஓடி ஏறினான்" என்கிறோம். இதில் இரண்டு செய்திகள் உள்ளன. எப்படிப் போனான் என்பதை 'ஓடி' சொல்கிறது. எந்தத் திசையில் போனான் என்பதை 'ஏறினான்' சொல்கிறது. தமிழில் திசைதான் முற்றுவினை. விதம் எச்சமாக முன்னால் நிற்கும். ஆங்கிலம் இதைத் திருப்பிப் போடுகிறது. விதம் வினையாகிறது, திசை சிறு சொல்லாகச் சுருங்குகிறது. ஆகவே 'ஓடி ஏறினான்' என்பது 'ரேன் அப்'. 'குதித்து இறங்கினாள்' என்பது 'ஜம்ப்ட் டவுன்'. 'குழந்தை தவழ்ந்து உள்ளே போனது' என்றால் 'க்ரால்ட் இன்'. 'நடந்து கடந்தோம்' என்றால் 'வாக்ட் அக்ராஸ்'. 'பறந்து போய்விட்டது' என்றால் 'ஃப்ளூ அவே'.

இந்த வேறுபாட்டை உலக மொழிகள் பலவற்றில் ஒப்பிட்டு விளக்கியவர் லியனார்ட் டால்மி என்ற அமெரிக்க மொழியியலாளர். 1985-இல் வெளிவந்த அவருடைய நீண்ட கட்டுரை இத்துறையில் இன்றும் அடிப்படையாகக் கருதப்படுகிறது. திசையை வினைக்குள் வைக்கும் மொழிகள் ஒரு வகை, வினைக்கு வெளியே துணைச் சொல்லில் வைக்கும் மொழிகள் இன்னொரு வகை என்று அவர் பிரித்தார். ஸ்பானிஷ், ஜப்பானிய மொழி ஆகியவற்றோடு தமிழும் முதல் வகையில் சேரும். ஆங்கிலமும் ஜெர்மனும் ரஷ்ய மொழியும் இரண்டாம் வகை. ஆகவே நமக்கு வரும் தடுமாற்றம் அறிவுக் குறைவால் வருவதல்ல. இரண்டு மொழிகள் ஒரே நகர்வை இரண்டு விதமாக அடுக்குவதால் வருவது. அடுக்கும் முறை பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஏறும்போது: ஆனா, இன்னா?

அடுத்த குழப்பம், பேருந்துக்கு 'கெட் ஆன்' என்று சொல்லிவிட்டு காருக்கு 'கெட் இன்' என்கிறார்களே என்பது. இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. வண்டிக்குள் எழுந்து நின்று நடக்க முடியுமா? முடிந்தால் 'ஆன்', 'ஆஃப்'. பேருந்து, ரயில், விமானம், கப்பல் எல்லாம் இதில் அடங்கும். குனிந்து நுழைந்து நேரே இருக்கையில் உட்கார வேண்டிய வண்டி என்றால் 'இன்', 'அவுட்'. காரும் ஆட்டோவும் ஜீப்பும் இந்த வகை. பைக், சைக்கிள், குதிரை போல மேலே அமர்ந்து போகிறவற்றுக்கு மறுபடியும் 'ஆன்', 'ஆஃப்'.

காட்பாடியில் ரயில் ஏறி, சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதி வருகிறீர்கள் என்று வையுங்கள். காட்பாடியில் 'கெட் ஆன்', திருப்பதியில் 'கெட் ஆஃப்'. ரயில் நிலையத்துக்குள் வந்து நிற்பது 'புல் இன்', புறப்பட்டு வெளியேறுவது 'புல் அவுட்'. வாசலுக்கு வந்து ஜீப்பில் ஏறினால் 'கெட் இன்', அலிபிரியில் இறங்கினால் 'கெட் அவுட்'. 'கெட் அவுட்' என்றாலே "வெளியே போ" என்ற அதட்டல்தான் நினைவுக்கு வரும். காரிலிருந்து இறங்குவதைச் சொல்லும்போது அதில் எந்தக் கோபமும் இல்லை.

நம் ஊரில் பேருந்திலிருந்து இறங்குவதற்கு 'கெட் டவுன்' என்று சொல்வது வழக்கம். இந்தியாவுக்குள் எல்லோருக்கும் அது புரியும். இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ 'கெட் டவுன்' என்றால் ஏணியிலிருந்தோ மரத்திலிருந்தோ சுவரிலிருந்தோ கீழே இறங்குவதாகத்தான் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். வெளிநாட்டுப் பயணியிடம் பேசும்போது 'கெட் ஆஃப்' என்பது பாதுகாப்பு.

மலைப் பாதையில்

திருமலைக்கு இரண்டு மலைச்சாலைகள். 1944-இல் திறந்த பழைய சாலையில் இப்போது வண்டிகள் இறங்குகின்றன. 1970-களில் வந்த இரண்டாவது சாலையில் ஏறுகின்றன. அதனால் ஓட்டுநர்கள் அவற்றை 'டவுன் காட்', 'அப் காட்' என்றே சொல்வார்கள். கீழே திருப்பதியில் நின்று பேசுபவர் மலைக்குப் போவதை 'கோ அப்' என்பார். மேலே திருமலையில் இருப்பவர் தொலைபேசியில் அழைத்தால் 'கம் அப்' என்பார். பேசுகிறவர் இருக்கும் இடத்தை 'கோ', 'கம்' காட்டுகின்றன. ஏற்றத்தை 'அப்' காட்டுகிறது. 'மேலே போ', 'மேலே வா' என்று நாம் சொல்லும் அதே கணக்குதான்.

நடந்து ஏறுபவர்களுக்கு அலிபிரியிலிருந்து 3,550 படிகள்; சந்திரகிரிப் பக்கம் உள்ள ஸ்ரீவாரி மெட்டிலிருந்து 2,388 படிகள். கூட்டமாக ஏறும்போது ஒருவர் பின்தங்குவது 'ஃபால் பிஹைண்ட்'. அவர் எட்டிப் பிடித்துவிட்டால் 'கேட்ச் அப்'. "நீங்க முன்னால போங்க" என்பது 'கோ ஆன் அஹெட்'. முழங்கால் வலித்துப் பாதியில் திரும்பினால் 'டர்ன் பேக்'. நிற்காமல் தொடர்ந்தால் 'கேரி ஆன்'. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'கேட்ச் அப்' என்பதில் உள்ள 'அப்' உயரத்தைச் சொல்லவில்லை. இடைவெளி தீர்ந்து நெருங்கிவிட்டதைச் சொல்கிறது. மலை இறங்கும்போது எட்டிப் பிடித்தாலும் அது 'கேட்ச் அப்'தான்.

வரிசையில்

திருமலைக் கோயில் சன்னிதி முன்னால் கேட்கும் "ஜரகண்டி" என்ற குரல் தமிழ்ப் பக்தர்கள் எல்லோருக்கும் பழக்கம். நிற்காதீர்கள், நகர்ந்துகொண்டே இருங்கள் என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் இதற்கு மிகப் பொருத்தம் 'மூவ் அலாங்'. 'அலாங்' என்பது ஒரு பாதையின் நீளவாக்கில் தொடர்ந்து செல்வதைக் குறிக்கிறது. அதே 'மூவ்' வேறு சிறு சொற்களோடு சேர்ந்தால் வேறு வேலை செய்யும். "கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்பது 'மூவ் ஓவர்'. "பின்னால போங்க" என்பது 'மூவ் பேக்'. "முன்னால இடம் இருக்கு, நெருங்கி வாங்க" என்பது 'மூவ் அப்'. ஓரமாக ஒதுங்கி வழிவிடச் சொல்ல 'ஸ்டெப் அசைட்'. வரிசையில் நிற்கும் வெளிநாட்டவருக்கு உதவ விரும்பும் ஒருவருக்கு இந்த ஐந்தும் போதும்.

'என்னை', 'அதை' எங்கே வரும்?

வினைக்கும் சிறு சொல்லுக்கும் நடுவே சில சமயம் வேறொரு சொல் புகும். "எங்களை அலிபிரியில் இறக்கிவிடுங்க" என்பது 'டிராப் அஸ் ஆஃப்'. "அதை எடு" என்பது 'பிக் இட் அப்'. "அவரை வழியனுப்பு" என்பது 'சீ ஹிம் ஆஃப்'. ஒருவர் இன்னொருவரையோ ஒரு பொருளையோ இடம்பெயரச் செய்கிற வினைகளில், 'அதை', 'அவரை', 'எங்களை' போன்ற பிரதிப்பெயர்கள் நடுவில்தான் வரும். பொருளின் பெயரையே சொன்னால் இரண்டு இடமும் சரி: 'பிக் அப் த பேக்' என்றும் சொல்லலாம், 'பிக் த பேக் அப்' என்றும் சொல்லலாம். தானே ஏறி இறங்கும் வினைகள் இப்படிப் பிரியாது. பேருந்தைச் சுட்டி 'கெட் ஆன் இட்' என்றே சொல்ல வேண்டும்.

காதில் விழும் விதத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. பேச்சில் இவை ஒட்டிக்கொள்ளும். 'கெட் ஆஃப்' என்பது 'கெட்டாஃப்' என்றும், 'பிக் இட் அப்' என்பது 'பிக்கிட்டப்' என்றும் ஒலிக்கும். அழுத்தம் பெரும்பாலும் கடைசிச் சிறு சொல்லில் விழும். திசையைச் சொல்வது அதுதான் என்பதால், காதை அங்கே வைத்தால் பொருள் தப்பாது.

நகர்விலிருந்து வாழ்க்கைக்கு

இந்த வினைகள் சாலையோடு நிற்பதில்லை. தக்காளி விலை ஏறினால் 'கோ அப்', காய்ச்சல் இறங்கினால் 'கம் டவுன்'. ஒரு துன்பத்துக்குள் புகுந்து வருவது 'கோ த்ரூ', அதைக் கடந்து மீள்வது 'கெட் ஓவர்'. விலை ஏறுவதையும் காய்ச்சல் இறங்குவதையும் தமிழும் நகர்வாகவே பார்ப்பதால் இவை நமக்கு அந்நியமல்ல. சில மட்டும் இப்படி ஊகிக்க இடம் தராது. 'டர்ன் அப்' என்றால் எதிர்பாராமலோ தாமதமாகவோ வந்து சேர்வது. அத்தகையவற்றைத் தனிச் சொல்லாகப் படிக்காமல் ஒரு முழு வாக்கியத்தோடு மனத்தில் வைப்பதே சிறந்தது.

பயிற்சிக்குப் புத்தகம் தேவையில்லை. வீட்டிலிருந்து வேலைக்கோ கல்லூரிக்கோ போகும் வழியைத் தமிழில் ஐந்தாறு வாக்கியங்களாக எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் கிளம்பினேன், ஏறினேன், கடந்தேன், இறங்கினேன், திரும்பினேன் என்று வரும் முற்றுவினையின் கீழ்க் கோடிடுங்கள். கோடிட்ட ஒவ்வொன்றுக்கும் ஆஃப், ஆன், அக்ராஸ், டவுன் (பேருந்திலிருந்து என்றால் ஆஃப்), பேக் என்று பொருந்தும் சிறு சொல்லை எழுதிவிட்டு, பிறகே அதற்கு முன் நிற்க வேண்டிய வினையைத் தேடுங்கள். அப்படிச் செய்தால் நன்றாகத் தமிழ் தெரிந்திருப்பதே ஆங்கிலத்துக்குக் கைகொடுக்கும் என்பது உங்கள் தாளிலேயே தெரியும்.