தீட்டு நாட்களும் தகப்பன் கடமையும்

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீப உற்சவத்தின் ஏழாம் நாள், மகாரதம் மாடவீதிகளில் அசைந்து வரும்பொழுது, பிள்ளை வரம் வேண்டிப் பெற்ற தம்பதியர், கரும்பில் சேலையைத் தூளியாகக் கட்டி, அதற்குள் தங்கள் சிசுவைக் கிடத்தி, ஆளுக்கொரு முனையைத் தோளில் தாங்கி வீதிவலம் வருவதைக் காணலாம். சந்ததியில்லாத வல்லாள மகாராஜனுக்கு அண்ணாமலையாரே மகனாக அமைந்தார் என்றும், அதனால்தான் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி அவனுக்குத் திதி கொடுக்கிறார் என்றும் ஐதிகம் வழங்கும் ஊரில், குழந்தையின் பாரத்தைத் தாயும் தகப்பனும் சரிபாதியாகச் சுமக்கும் இந்த வழக்கம் மிகவும் பொருத்தமானதே. ஆனால் அந்த வீதிவலத்துக்குச் சில மாதங்கள் முன்பு, குழந்தை பிறந்த முதல் நாற்பது நாட்களில், அதே தகப்பன் எங்கே இருந்தான் என்று விசாரித்தால், பெரும்பாலும் மாமனார் வீட்டுத் திண்ணையோடு நின்று திரும்பியவனாகத்தான் இருப்பான்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம்முடைய சம்பிரதாயம். பிள்ளை பெற்றவளைத் தனி அறையில் வைத்து, தீட்டு என்று சொல்லி, வீட்டு வேலையிலிருந்தும் வருவோர் போவோரிடமிருந்தும் விலக்கிவைத்த முன்னோர், அவளுக்கு ஓய்வும் குழந்தைக்கு நோய்த்தொற்றிலிருந்து ஒருவிதப் பாதுகாப்பும் கிடைக்கச் செய்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. எனினும், சட்டம் நிர்ணயித்துள்ள கெடுக்களும், தாய்க்கும் சேய்க்கும் நேரக்கூடிய அபாயங்களில் மிகக் கொடியவையும், முதல் தடுப்பூசிகளும் ஏறக்குறைய இந்த நாற்பது நாட்களுக்குள்ளேயே நெருங்கி நிற்கின்றன. அதே நாட்களில்தான் தாய் வெளியே வர முடியாதவளாகவும், தகப்பன் உள்ளே போகாதவனாகவும் இருக்கிறார்கள். ஆகவே இந்தக் கட்டுரை முக்கியமாக இளந்தகப்பன்மாரை உத்தேசித்தே எழுதப்படுகிறது.

முதலில் பிறப்புப் பதிவு. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, குழந்தை பிறந்த 21 நாட்களுக்குள் அந்தச் செய்தி பதிவாளருக்குப் போய்ச் சேர வேண்டும்; அதற்குள் பதிந்தால் கட்டணமில்லை, முதல் சான்றிதழும் இலவசம். ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைக்குச் செய்தி அனுப்பும் பொறுப்பு அங்குள்ள மருத்துவ அதிகாரியுடையது. வீட்டில் பிறந்திருந்தால் குடும்பத் தலைவருடையது. பெற்றோர் வசிக்கும் ஊரில் அல்லாமல், குழந்தை பிறந்த இடத்திலேயே பதிவு நடைபெறும் என்பதால், செங்கத்துக்காரர் ஒருவர் தம் மனைவி திருவண்ணாமலை ஆஸ்பத்திரியில் பிரசவித்த பிறகு, செங்கத்து அலுவலகத்தில் அலைந்து பிரயோஜனமில்லை. 21 நாள் தாண்டி 30 நாளுக்குள் என்றால் தாமதக் கட்டணம்; ஒரு வருஷம் வரையில் அதிகாரியின் எழுத்துமூலமான அனுமதி; ஒரு வருஷமும் கடந்துவிட்டாலோ, நிர்வாக நடுவரின் உத்தரவு பெற்றாக வேண்டும்.

இந்தத் தாமதத்துக்கு நம் பக்கத்தில் ஒரு விசேஷ காரணம் உண்டு. நட்சத்திரத்துக்கு எழுத்துத் தேடி, எண் கணிதம் பார்த்து, குலதெய்வத்தின் பெயரா தாத்தாவின் பெயரா என்று இரு வீட்டாரும் மனஸ்தாபப்பட்டு ஒரு பெயரை முடிவு செய்வதற்குள் மாதங்கள் ஓடிவிடுகின்றன. பெயர் வைத்த பிறகுதான் பதிய வேண்டும் என்று எண்ணிப் பலர் காத்திருக்கிறார்கள். அந்த எண்ணம் தவறானது. பெயரில்லாமலே பிறப்பைப் பதிந்துவிடலாம்; பதிவான நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளலாம்; அதற்குப் பிறகும் 15 வருஷம் வரையில் கட்டணத்தோடு சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. 2023ஆம் ஆண்டில் செய்யப்பட்ட திருத்தம் அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் தேதி அமலுக்கு வந்ததிலிருந்து, அன்றும் அதன் பின்னும் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு உத்தியோகம் ஆகிய எல்லாவற்றுக்கும் பிறந்த தேதியையும் இடத்தையும் நிரூபிக்கும் ஆவணம் பிறப்புச் சான்றிதழே ஆகும். ஆதலால் ஆஸ்பத்திரியில் படிவம் பூர்த்தியாகும் வேளையில் தகப்பன் அருகில் நின்று, தன் பெயரும் மனைவியின் பெயரும் ஆதாரில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் பதிவாகின்றனவா என்று பார்த்துக்கொள்வது, பிற்காலத்தில் பிள்ளையை எத்தனையோ அலைச்சல்களிலிருந்து காப்பாற்றும்.

அடுத்தது பண உதவி. 1886ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்து, 1927ஆம் ஆண்டு சென்னை சட்டமன்ற மேலவையில் அமர்ந்து, பெண்களின் நலத்துக்காக வாதாடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால், 1987ஆம் ஆண்டில் தமிழக அரசு மகப்பேறு நிதியுதவித் திட்டமொன்றை ஏற்படுத்தியது. இன்று அதன் மதிப்பு 18,000 ரூபாய். அதில் 14,000 ரொக்கமாகத் தவணைகளிலும், 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் வருகின்றன. 19 வயது நிறைந்த ஏழைத் தாய்மாருக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு இது உரியது. கர்ப்பம் தரித்த ஆரம்பத்திலேயே கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து, ‘பிக்மி’ எண் என்று எல்லோரும் சொல்லும் அந்த எண்ணைப் பெற்றுக்கொள்வது இதன் முதற்படி. பணம் தாயின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே வரும். வங்கியில் தகப்பனார் பெயரின் முதலெழுத்தும் ஆதாரில் கணவன் பெயரும் இருந்தால் தவணை நின்றுபோகும். கல்யாணமான புதிதிலேயே இந்தப் பெயர்களை ஒன்றாக்கி வைப்பது கணவன் கவனிக்க வேண்டிய காரியம்.

அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் முற்றிலும் இலவசம். அறுவைச் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, இரத்தம், உணவு, வீடு திரும்ப வாகனம் ஆகிய அனைத்தும், 2011ஆம் ஆண்டு ஜூன் மாதம் தொடங்கப்பட்ட ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின் கீழ்த் தாய்க்கு உரிமையானவை. நோயுற்ற குழந்தைக்கும் அவ்வாறே. இருந்தும் பல இடங்களில், பிள்ளையின் முகத்தைக் காட்டுவதற்கு இவ்வளவு, சக்கர நாற்காலியைத் தள்ளுவதற்கு இவ்வளவு என்று, அதிலும் ஆண் குழந்தையானால் ஒரு தொகையும் பெண்ணானால் வேறொரு தொகையுமாக, கைநீட்டுவோர் இருக்கிறார்கள். சந்தோஷ சமயத்தில் வம்பு எதற்கு என்று கொடுத்துவிடுகிறவர், கொடுக்க இயலாத அடுத்த வீட்டுக் கூலித் தொழிலாளியின் மனைவியை அவமதிப்புக்கு ஆளாக்குகிறார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். லஞ்சம் கேட்டால் நிலைய மருத்துவ அலுவலரிடம் எழுதிக் கொடுக்கலாம். 104 என்ற எண்ணில் சொல்லலாம். லஞ்ச ஒழிப்புத் துறையிடமும் புகார் செய்யலாம்.

இனி, அறைக்குள்ளே நடப்பவற்றுக்கு வருவோம். அபாயங்கள் பலவும் அங்கேதான் அன்பின் வேஷத்தில் வருகின்றன. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்க வேண்டும். மஞ்சள் நிறத்தில் கெட்டியாகச் சுரக்கும் சீம்பாலைக் ‘கெட்ட பால்’ என்று பீய்ச்சி எறிவது, குழந்தையின் முதல் நோய்க்காப்பை எறிவதாகும். சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப் பால், விளக்கெண்ணெய் ஆகியவற்றை நாவில் தடவுவதும், உரைமருந்து கொடுப்பதும், மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதும், சளிக்கென்று சாம்பிராணிப் புகை போடுவதும் வழக்கமாக இருக்கின்றன. தேனில் இருக்கக்கூடிய நுண்கிருமி ஒரு வயதுக்குட்பட்ட சிசுவுக்குப் பக்கவாதத்தை ஒத்த கொடிய நோயை உண்டாக்கவல்லது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கக்கூடும். ஆறு மாதம் வரையில் தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீரும் தேவையில்லை.

இவற்றைக் காட்டிலும் என் மனத்தை மிகவும் வருத்துவது தொக்கம் எடுக்கும் பழக்கம். பால் குடிக்காமல் வாந்தியெடுக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய், யாரோ ஒருவர் அதன் வாயிலோ காதிலோ ஊதி உறிஞ்சி, வயிற்றில் சிக்கியிருந்ததென்று எதையோ எடுத்துக் காட்டி அனுப்பிவிடுகிறார்; வீட்டார் நிம்மதியாகத் திரும்புகிறார்கள். உண்மையில் அந்தக் குழந்தைக்கு இரத்தத்தில் தொற்று பரவிக்கொண்டிருக்கலாம். அதற்கு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். பால் குடிக்க மறுத்தல், நிமிஷத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்குதல், விலா உள்ளிழுத்தல், உடம்பு சுடுதல் அல்லது சில்லிட்டுப் போதல், வலிப்பு, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் பூத்தல், தொப்புளில் சீழ் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், நாள் நட்சத்திரம் பாராமல் 108 வண்டியை அழைக்க வேண்டும். பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி., போலியோ, மஞ்சள்காமாலைத் தடுப்பு மருந்துகளுக்குப் பிறகு, ஆறாவது வாரத் தடுப்பூசி நாற்பது நாள் கழிந்த உடனே வருகிறது. புதன்கிழமைதோறும் சுகாதார நிலையத்தில் தடுப்பூசி உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். பால்மாவு டப்பாவைச் சிபாரிசு செய்து மாதிரி கொடுப்பாரிடமும் எச்சரிக்கை தேவை. 1992ஆம் ஆண்டின் சட்டம் அத்தகைய விளம்பரத்தையும் இலவச மாதிரிகளையும் தடைசெய்துள்ளது.

பெற்றவளின் உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்தியம் என்ற பெயரில் தண்ணீரைக் குறைத்து, கீரையும் பழமும் விலக்கி, பூண்டுக் குழம்பும் பிரசவ லேகியமுமே போதுமென்று இருந்துவிடுவதால், பாலூட்டும் தாய் மேலும் சோகை பிடித்துப்போகிறாள். லேகியம் சாப்பிடட்டும், அதோடு, பிரசவத்துக்குப் பின் 180 நாட்கள் இரும்புச்சத்து மாத்திரையையும் விடாமல் சாப்பிட வேண்டும். உதிரப்போக்கு கட்டுக்கடங்காமல் இருத்தல், காய்ச்சல், துர்நாற்றம், கடுந்தலைவலி, ஒரு கால் மாத்திரம் வீங்குதல் ஆகியவை உடனே வைத்தியரிடம் போக வேண்டிய அறிகுறிகள். வீட்டிலேயே பிரசவம் பார்த்துக்கொள்ளும் ஆசையில், காணொளிகளைப் பார்த்துத் துணிந்த ஒரு தம்பதியில் மனைவி, 2018ஆம் ஆண்டு ஜூலையில் திருப்பூரில் இரத்தப்போக்கினால் உயிரிழந்தாள். அவள் படித்தவள், கணவனும் அன்புள்ளவன்தான்.

மனத்தின் நோயை நாம் நோயென்றே கருதுவதில்லை. பிள்ளை பெற்ற சில நாட்களில் காரணமின்றிக் கண்ணீர் வருவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் அது தானே மாறும். மாறாமல் நீடித்து, உறக்கம் போய், குழந்தையைத் தொடவே விருப்பமற்று, வாழ்ந்து என்ன பயன் என்று அவள் பேசத் தொடங்கினால், அது பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வு. காற்று கருப்பு அண்டிவிட்டதென்று வேப்பிலை அடிக்கவோ, சோம்பேறித்தனமென்று மாமியார் கடிந்துகொள்ளவோ அதில் இடமில்லை. 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி மனநல ஆலோசனை கிடைக்கிறது. அவள் மனம் குழம்பி, இல்லாததைக் கண்டும் கேட்டும் பிதற்றினால், ஒரு நாளும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கே அழைத்துப் போக வேண்டும்.

குழந்தை பெண்ணாகப் பிறந்துவிட்டால் அடுத்த கர்ப்பத்தின்போது நேரும் நிர்ப்பந்தம் வேறொரு அபாயம். 2018ஆம் ஆண்டு டிசம்பரில் இதே திருவண்ணாமலை நகரில், வைத்தியப் படிப்பே இல்லாத ஒரு பெண்மணி கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சட்டவிரோதமாகக் கருக்கலைப்புச் செய்ததாகக் கைதானது இவ்வூரார் மறந்துவிடக்கூடாத செய்தி. 1994ஆம் ஆண்டின் சட்டப்படி, கருவின் பாலினத்தைச் சொல்வோர் மாத்திரமல்லாமல் சொல்லும்படி கேட்போரும் குற்றவாளிகள். கர்ப்பிணியைக் கணவனும் உறவினரும் வற்புறுத்தினார்கள் என்றே சட்டம் அனுமானிக்கிறது. பெண் குழந்தைகள் மாத்திரமே உள்ள ஏழைக் குடும்பத்துக்கு, முதலமைச்சரின் பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தில் ஒரு பெண்ணானால் 50,000 ரூபாயும், இரு பெண்களானால் தலா 25,000 ரூபாயும் வைப்புத்தொகையாக இடப்படுகின்றன. குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டு, குழந்தைக்கு 3 வயது நிறைவதற்குள் சமூகநல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

வேலைக்குப் போகும் தாய்க்கு 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டமும் 2017ஆம் ஆண்டின் திருத்தமும் வகுத்த உரிமைகள், 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இடம்பெற்றுள்ளன. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஜவுளிக்கடையானாலும் தனியார் பள்ளியானாலும், பிரசவத்துக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை பார்த்தவளுக்கு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அந்த விடுப்புக் காலத்தில் வேலைநீக்கம் செல்லாது. திரும்பி வந்த பின், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினமும் இருமுறை பாலூட்டும் இடைவேளை தர வேண்டும். கர்ப்பிணி என்று தெரிந்ததும் ராஜிநாமாக் கடிதம் எழுதி வாங்கும் முதலாளிகள் இருப்பதால், கையெழுத்திடுமுன் தொழிலாளர் துறை அலுவலரிடம் ஆலோசனை கேட்பது நல்லது. தகப்பனுக்கு மத்திய அரசு உத்தியோகத்தில் 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் துறையில் அதைக் கட்டாயமாக்கும் பொதுச் சட்டம் இல்லாதது பெருங்குறை என்றே கருதுகிறேன்.

உரியது கிடைக்காதபோது வாய்மொழியாகக் கெஞ்சுவதால் பயனில்லை. திங்கட்கிழமைதோறும் வேங்கிக்காலிலுள்ள ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். நிதியுதவித் தவணை ஏன் நின்றது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். தனியார் ஆஸ்பத்திரியின் கவனக்குறைவால் தீங்கு நேர்ந்திருந்தால், சிகிச்சைக் குறிப்பின் நகலைக் கேட்டுப் பெற்று, இரண்டு வருஷத்துக்குள் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கிடலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவசமாக வக்கீல் அமர்த்தித் தரும் கடமை, 1987ஆம் ஆண்டின் சட்டப்படி, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு இருக்கிறது. நீதிமன்ற வளாகத்திலுள்ள அதன் அலுவலகத்தில் வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தாலும் போதும், 15100 என்ற எண்ணில் அழைத்தாலும் போதும். கணவன் வீட்டாரே கொடுமை செய்தாலும் அந்த உதவி பெண்ணுக்கு உண்டு; அவசரத்துக்கு 181 என்ற எண்ணை அழைக்கலாம்.