ஞாயிறு மாலையில் எங்கே போகலாம்?

கல்கத்தாவில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஞாயிற்றுக்கிழமை ஒரே விதமாகவே கழிகின்றது. காலையில் லேக் மார்க்கெட்டுக்குச் சென்று முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கி வருவது, நண்பகலில் வயிறார உணவு, அதன்பின் உறக்கம், மாலையில் பிள்ளைகள் கைப்பேசியோடு ஆளுக்கொரு மூலையில் ஒதுங்குவது. "எங்கேயாவது அழைத்துப் போங்கள்" என்று அவர்கள் நச்சரித்தால், குளிரூட்டிய அங்காடி வளாகம் ஒன்றுக்குக் கூட்டிச் சென்று, ஐஸ்கிரீம் வாங்கித் தந்து, இரவுச் சமையலுக்குள் வீடு திரும்புகின்றோம். ஊரிலிருந்து ஒரு நாடகக் குழுவோ இசைவாணரோ வந்தால் மட்டும் பட்டுப்புடவை உடுத்திக் குடும்பத்தோடு புறப்படுகின்றோம். அத்தகைய நாள் ஆண்டில் எத்தனை வாய்க்கும்?

இதற்குக் காரணம் சோம்பல் அன்று. "வங்காளியில் நடப்பது நமக்கு எங்கே புரியப்போகிறது?" என்னும் தயக்கம் ஒன்று. "தமிழே திருந்தப் பேசாத பிள்ளை, இதையும் பார்த்தால் இருக்கிற தமிழும் போய்விடும்" என்னும் அச்சம் மற்றொன்று. முன்னது பெற்றோரின் தயக்கமேயன்றிப் பிள்ளைகளின் தயக்கம் அன்று. பள்ளியிலும் தெருவிலும் அவர்கள் வங்க மொழியை நம்மினும் நன்றாகவே பேசுகின்றனர். பின்னதைப் பற்றிச் சற்றுப் பின்னர்ச் சொல்வேன். இங்கே பிறந்து வளரும் பிள்ளை இந்நகரின் மேடையையும் திருவிழாவையும் காணாமலே வளருமானால் இந்நகரம் அதற்குச் சொந்தமாவதில்லை. கோடை விடுமுறையில் பதினைந்து நாள் பார்க்கின்ற திருநெல்வேலியும் சொந்தமாவதில்லை. இரண்டுக்கும் நடுவே நிற்கும் அந்தப் பிள்ளையை எண்ணியே இதை எழுதுகின்றேன்.

பொம்மலாட்டத்திலிருந்து தொடங்கலாம். மொழி தெரியாதவரும் கண்டு களிக்கக்கூடிய கலை அது. வங்காளத்தில் கையில் மாட்டி ஆட்டும் பாவை மேதினிப்பூர்ப் பக்கத்திலும், நூற்பாவை நதியா மாவட்டத்திலும், கோற்பாவை தெற்கு 24 பர்கானா மாவட்டத்திலும் வழங்கி வருகின்றன. இவற்றுள் கோற்பாவையைக் குழந்தைகளுக்கு அவசியம் காட்டவேண்டும். மூன்று நான்கு அடி உயரமுள்ள பாவை. ஜாத்திரா நடிகரைப் போன்ற பளபளப்பான உடை. ஆளுயரத் திரைக்குப் பின்னால் நிற்கும் கலைஞர், பாவையைத் தாங்கும் மூங்கிற்கோலைத் தம் இடுப்போடு பிணைத்துக்கொண்டு தாமும் ஆடுகின்றார். அவர் சுழன்றால் பாவை சுழல்கின்றது. அவர் குதித்தால் அதுவும் குதிக்கின்றது. நம் தஞ்சை, கும்பகோணம் பக்கத்துப் பொம்மலாட்டத்திலோ பாவையின் நூல்கள் ஓர் இரும்பு வளையத்தில் கட்டப்பட்டிருக்கும்; கலைஞர் அவ்வளையத்தைத் தலையில் முடிபோல் அணிந்துகொண்டு, பாவையின் கைகளைக் கோல்கொண்டு இயக்குவார். நாலரை அடி உயரமும் பத்துக் கிலோ எடையும் உள்ள பாவைகளும் அங்கே உண்டு. இங்கே இடுப்பு, அங்கே தலை! இவ்வொரு வேற்றுமையைச் சொல்லிப் பாருங்கள். வீடு திரும்பியதும் தலையணையும் துடைப்பக்கட்டையும் என்ன பாடுபடும் என்பதைக் காண்பீர்கள்.

நகரத்திலேயே வளர்ந்த பாவைக்கலையும் உண்டு. மாஸ்கோவில் செர்கேய் ஒப்ராஸ்த்சோவ் என்னும் பெரும் பாவைக் கலைஞரிடம் பயின்று திரும்பிய சுரேஷ் தத்தா, 1973இல் கல்கத்தா பப்பெட் தியேட்டரை நிறுவினார். அவருடைய 'அலாவுதீன்' இங்கே ஒரு தலைமுறையின் இளமை நினைவு. அண்டை வீட்டு வங்காளி நண்பர்களைக் கேளுங்கள். முகம் மலர்ந்து சொல்வார்கள். 1950களின் தொடக்கத்தில் சமர் சாட்டர்ஜி தோற்றுவித்த சில்ரன்ஸ் லிட்டில் தியேட்டர், குழந்தைகளையே மேடையேற்றிய அமைப்பு. தாகுரியாவில் உள்ள அதன் அரங்குக்கு, ஓவியரும் குழந்தைகளுக்கான கதாசிரியருமான அவனீந்திரநாத் தாகூரின் பெயரால் 'அபன் மகால்' என்று பெயர். லேக் மார்க்கெட்டிலிருந்து அவ்விடம் ஒன்றும் நெடுந்தொலைவு இல்லை.

அடுத்து, சீட்டு வாங்காமலே காணத்தக்க காட்சி ஒன்று. நாம் வீட்டில் கொலுப்படி கட்டும் அதே நாட்களில்தான் இந்நகரம் துர்க்கா பூஜை கொண்டாடுகின்றது. 2021இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இவ்விழாவைச் சேர்த்தது. பந்தல்களைப் பார்க்க எல்லோரும் போகின்றோம். ஆனால் சிலைகள் பிறக்கும் குமோர்டுலிக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்வோர் சிலரே. சோபாபஜார் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். ஒருமுறை அன்று, இருமுறை போகவேண்டும் என்பேன். ஆகஸ்டு மாதத்தில் போனால், மூங்கிற் சட்டத்தில் வைக்கோலைச் சுற்றிக் கட்டிய தலையற்ற உருவங்கள் வரிசையாக நிற்கும். குழந்தை சற்றே அஞ்சும். மகாளய அமாவாசையையொட்டி மீண்டும் போனால், அதே உருவம் மண்பூசி, வண்ணம் தீட்டப்பெற்று, கண் திறக்கப்படும் நிலையில் இருக்கும். தொழில் நடக்கும் இடமாதலால் சந்துகளில் வழிமறித்து நின்று படமெடுப்பதைத் தவிர்ப்பது நலம். அந்த ஆண்டுக் கொலுவில் மரப்பாச்சிக்குப் பக்கத்தில் கிருஷ்ணநகர் களிமண் பொம்மை ஒன்றும் அமரட்டும். சௌரங்கி வீதியில் 1972இல் தொடங்கிய நேரு குழந்தைகள் அருங்காட்சியகத்தில் இராமாயணமும் மகாபாரதமும் பொம்மைக் காட்சிகளாகவே அமைந்துள்ளன. நம் வீட்டுப் பாட்டிமார்களுக்கும் அவ்விடம் பிடிக்கும்.

நாடகத்துக்கு வருகின்றேன். இந்நகரத்தாருக்கு நாடகம் என்பது அரிசியும் மீனும் போல. அகாடமி ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ், ரவீந்திர சதன், சிசிர் மஞ்ச ஆகிய அரங்குகள் ஒன்றுக்கொன்று அருகிலேயே உள்ளன. நாந்தீகார் குழுவினர் 1984 முதல் நடத்தத் தொடங்கிய தேசிய நாடகவிழா டிசம்பர் மாதத்துக்கு உரியது. பிற மாநில நாடகங்களும் அதில் இடம்பெற்று வந்துள்ளன. குழந்தைகளோடு போவோர் நாடகத்தைத் தெரிந்தெடுப்பதில்தான் சூட்சுமம் இருக்கின்றது. சுகுமார் ராய் எழுதிய 'லக்ஷ்மணேர் சக்திசேல்' எங்கேனும் நடந்தால் விடவேண்டா. இலக்குவன் வேல்பட்டு வீழ்ந்த கதையையே நகைச்சுவையாக்கிய நாடகம் அது. கதை நம் பிள்ளைக்கு முன்பே தெரியுமாதலால், பாதிச் சொற்கள் புரியாவிடினும் சிரிப்பு தானாக வரும். ரவீந்திரநாத் தாகூரின் 'தாஷேர் தேஷ்' 1933இல் வெளிவந்தது. சீட்டுக்கட்டு மாந்தர் வாழும் நாடு அதன் களம். சட்டம் தவறாமல் விறைத்து நடக்கும் அச்சீட்டு மாந்தரைக் கண்டால் ஐந்து வயதுக் குழந்தையும் எழுந்து நடந்து காட்டும். மே மாதத்தில், வங்காளிகளின் வைசாக மாதம் 25ஆம் நாள் வரும் தாகூர் பிறந்தநாளை ஒட்டி, தெருவுக்குத் தெரு இத்தகைய ஆடல்பாடல்கள் உண்டு.

சித்பூர்க் குழுக்களின் ஜாத்திரா நம் தெருக்கூத்தைப் போல் திறந்தவெளிக்கு ஏற்றது. ஆனால் குரலும் இசையும் ஓங்கியவை, நேரமும் நீளும். பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே அதைப் பரிந்துரைப்பேன். மந்திரக் காட்சிகளுக்கு வயது வரம்பே வேண்டா. 1971இல் ஜப்பானில் மேடைப் பயணத்தினிடையே மறைந்த பி. சி. சர்க்காரின் 'இந்திரஜால்' மரபை அவர் குடும்பத்தார் தொடர்ந்தனர்.

இவையெல்லாம் எப்போது, எங்கே நடக்கின்றன என்று அறிவது எப்படி என்பீர்கள். நாளிதழ்களின் பொழுதுபோக்குப் பகுதியும் அரங்குகளின் வாயிலில் ஒட்டிய விளம்பரத் தாள்களும் ஒருபுறமிருக்க, நம்பத்தக்க வழி அண்டை வீட்டாரே. இங்கே ஒவ்வொரு பாடாவிலும், அதாவது பேட்டையிலும், ஒரு சங்கம் உண்டு. பூஜைக்குப் பணம் கேட்டு வரும் அச்சங்கத்து இளைஞர்களிடம் ரசீது வாங்கிக் கதவை அடைத்துவிடாமல், "குழந்தைகளுக்கு இவ்வாண்டு என்ன நிகழ்ச்சி?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். 'போஷே ஆங்கோ' என்னும் உட்கார்ந்து படம் வரையும் போட்டி ஏறக்குறைய எங்கும் உண்டு. வண்ணக்கோலும் ஒரு பாயும் இருந்தால் போதும். மொழி தேவையே இல்லை. நம் வீட்டுப் பிள்ளை ஒருமுறை அங்கே பரிசு வாங்கிவிட்டால், அடுத்த ஆண்டு அழைப்பு வீடு தேடி வரும்.

இனி அந்த இரண்டாவது அச்சம். தமிழைக் காப்பதற்கு வங்காளத்தை மறைக்கவேண்டியதில்லை. காட்சிக்குப் போகுமுன் கதையைத் தமிழில் சொல்லுங்கள். திரும்பும் பேருந்தில் "அந்த ராஜா ஏன் அழுதான்?" என்று தமிழில் கேளுங்கள். இரவு ஊரிலுள்ள தாத்தா பாட்டியோடு தொலைபேசியில் பேசுகையில், கண்டதைப் பிள்ளையே சொல்லட்டும். 'சாப்பிட்டாயா, படித்தாயா' என்பதோடு முடிந்துபோகும் அவ்வுரையாடலுக்கு அப்போது பொருள் கிடைக்கும். கோற்பாவை, களிமண், வைக்கோல், வேல் என்று வீட்டில் வழங்காத தமிழ்ச் சொற்கள் பத்தேனும் பிள்ளையின் வாயில் ஏறும்.

காட்சி எதுவும் கிடைக்காத வாரங்களும் உண்டு. குருசதய் சாலையில் 1959இல் திறந்த பிர்லா தொழில்நுட்ப அருங்காட்சியகத்தின் மாதிரி நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கலாம். இந்திய அருங்காட்சியகத்தில் எகிப்திய மம்மியைக் காட்டலாம். திங்களன்று அங்கே விடுமுறை. 2024இல் தொடங்கிய ஹூக்ளி ஆற்றின் அடியிலோடும் மெட்ரோவில் எஸ்பிளனேடிலிருந்து ஹௌரா போய், படகில் ஆற்றின் மேலாகத் திரும்பலாம், செலவும் சொற்பம். சிப்பூர்த் தாவரவியல் தோட்டத்து ஆலமரத்தின் அடிமரம் 1925இலேயே அகற்றப்பட்டுவிட்டது. ஆயினும் விழுதுகளின் பலத்தால் மரம் இன்றும் தழைத்து நிற்கின்றது. அலிப்பூர் விலங்குக் காட்சிசாலைக்குச் செல்ல நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். ஆனால் டிசம்பர் 25ஆம் நாளிலும் ஜனவரி முதல் நாளிலும் மட்டும் அங்கே கால் வைக்கவேண்டா. நகரமே திரண்டு வந்திருக்கும். சிங்கத்தைக் காண்பதற்குள் கைக்குழந்தை உறங்கிப்போகும்.